கேளாச் செவிக்குக் கருவி வந்த வரலாறு

நம் ஊர்களில் ஒரு குழந்தைக்குப் பேச்சு வரவில்லையென்றால் அதனை "ஊமை" என்று சொல்லிவிடுகிறோம். ஒரு காலத்தில் அரசாங்கப் பதிவேடுகளிலும் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளிலுங்கூடச் "செவிட்டு ஊமையர்" என்றே எழுதியிருந்தது. இவ்விரு சொற்களையும் ஒன்றாக ஒட்டியவர் யாரென்று தெரியாது; ஒட்டியதனால் விளைந்த கேடு பெரிது. பிறவியிலேயே செவி கேளாத குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோருக்கு நாவிலோ தொண்டையிலோ யாதொரு குறையும் இல்லை. அவர்கள் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், முதற் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே மழலை ஒலியும் எழுப்புகிறார்கள். தம் ஒலி தமக்குக் கேளாமையாலும், தாயின் சொல் தம்மை வந்தடையாமையாலும் அவ்வொலி பின்னர் ஒடுங்கிப் போகிறது. பேச்சு என்பது கேட்டுக் கற்கும் கல்வியேயாகும். தமிழில் "கேள்வி" என்னும் ஒரு சொல்லே கேட்டலையும், கற்றலையும், வினாவையும் குறித்து நிற்கிறது. வள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் "கேள்வி"க்கென்று ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார்.

பிறர் இட்ட பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமப்பதன் துன்பத்தை நம் சமுதாயத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மனுவின் நூல், ஒன்பதாம் அத்தியாயத்தில், பிறவியிலே கண் தெரியாதவர்க்கும் செவி கேளாதவர்க்கும் பேச்சில்லாதவர்க்கும் குடும்பச் சொத்தில் பங்கில்லை என்கிறது. கௌதமரின் தரும சூத்திரமோ, வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் செவியில் உருக்கிய வெள்ளீயத்தையும் அரக்கையும் ஊற்றுமாறு விதிக்கிறது. சூத்திரனுக்கே இவ்விதி எனில், வருணத்துக்கே புறம்பாக நிறுத்தப்பட்ட நம் முன்னோரின் நிலையை உய்த்துணரலாம். செவி திறந்திருப்பவனைக் கேட்கலாகாது என்று தடுத்த நூல்களும், செவி மூடியிருப்பவனுக்கு உரிமையில்லை என்று விலக்கிய நூல்களும் ஒரே மரபின் நூல்கள் என்பதை நம் இளைஞர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். செவி கேளாதவரின் சொத்துரிமைக்கு இருந்த தடை 1928ஆம் ஆண்டில் நிறைவேறிய ஒரு சட்டத்தால்தான் நீங்கிற்று. மேல்நாட்டாரும் இதில் குற்றமற்றவர் அல்லர். பிறவியிலே கேளாமலும் பேசாமலும் இருப்பவர் சட்ட வினைகள் எதனையும் செய்யவியலாது என்றுதான் பழைய உரோமச் சட்டமும் கூறியது.

இக்கருத்து பொய் என்பதை முதலில் மெய்ப்பித்தவர்களுள் ஒருவர் ஸ்பெயின் நாட்டுத் துறவி. 16ஆம் நூற்றாண்டில் ஓன்யா என்னும் ஊரின் மடத்தில் வாழ்ந்த பெத்ரோ போன்ஸே தெ லெயோன், வேலாஸ்கோ என்ற பிரபு குடும்பத்தின் கேளாப் பிள்ளைகளுக்கு எழுதவும் படிக்கவும் பேசவும் கற்பித்தார். கற்பித்தால் வரும் என்பது அன்றே தெளிவாயிற்று. ஆனால் பிரபுக்களின் பிள்ளைகளுக்கே அது கிட்டியது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்து, 1760 வாக்கில், பாரிஸ் நகரத்தில் அபே தெ லெப்பே என்னும் பாதிரியார் ஏழைக் குழந்தைகளுக்கும் கட்டணமின்றிப் பள்ளி நடத்தினார். அவர் பேச்சை வற்புறுத்தாமல், கேளாதார் தமக்குள் வழங்கிய சைகைகளையே கல்வியின் மொழியாகக் கொண்டார்.

கருவியின் கதையும் இவ்வாறே மேலிருந்து கீழே இறங்கி வந்த கதைதான். முதலில் தோன்றியது காதிற் பொருத்திக்கொள்ளும் கொம்பு. அகன்ற வாயில் விழும் ஒலியைக் குவித்துச் சிறு துளை வழியாகக் காதுக்குள் செலுத்துவதே அதன் வேலை. 1800இல் லண்டனில் எப். சி. ரெயின் என்பவர் இத்தகைய கொம்புகளை வணிகமாகச் செய்யத் தொடங்கினார். அவரது நிறுவனம் 1819இல் போர்ச்சுக்கல் மன்னர் ஆறாம் ஜானுக்கு ஓர் அரியணை செய்து கொடுத்தது. அதன் கைப்பிடிகள் இரண்டும் வாய் பிளந்த சிங்கங்களாகச் செதுக்கப்பட்டிருந்தன. மன்னரிடம் முறையிட வருவோர் மண்டியிட்டுச் சிங்கத்தின் வாயில் பேச வேண்டும். அவ்வொலி ஒரு குழாய் வழியாக மன்னரின் காதுக்குச் சென்று சேரும். அரசனுக்குச் செவி கேளாவிட்டால் அதற்காகவும் குடிமகன்தான் முழங்காலிட வேண்டியிருந்தது!

1876இல் தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல்லின் தாயும் செவி கேளாதவர், மனைவியும் கேளாதவர், அவரும் கேளாதார் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஒலியை மின்சாரமாக்கி மீண்டும் ஒலியாக்கலாம் என்ற அவரது கண்டுபிடிப்பிலிருந்தே மின்சாரக் காதொலிக் கருவி பிறந்தது. ஆனால் அதே பெல், கேளாதார் சைகையில் பேசுவதையும் தமக்குள் மணம் புரிந்துகொள்வதையும் எதிர்த்தார். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, கேளாதார் பள்ளிகளில் சைகையை விலக்கிப் பேச்சு முறையை மட்டுமே கைக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தது. அங்கே வாக்களித்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் செவி கேட்பவர்கள். ஒரு மக்களின் மொழியைப் பற்றி அம்மக்களைக் கேளாமலே முடிவு செய்தார்கள். அத்தீர்மானத்தைத் தவறென்று பன்னாட்டு மாநாடு ஒன்று வான்கூவரில் வெளிப்படையாக ஏற்பதற்கு 2010ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. கருவியின் நன்மையைப் பேச வந்த கட்டுரையில் இதனைச் சொல்லக் காரணம் உண்டு. கருவி வேண்டும் என்பதால் சைகையை இழிவாக எண்ணவேண்டும் என்பதில்லை. இதனைப் பின்னரும் கூறுவேன்.

அமெரிக்கராகிய மில்லர் ரீஸ் ஹட்சிசன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்கலத்தால் இயங்கும் காதொலிக் கருவியை அமைத்தார். அதனை அணிந்து பார்த்துப் புகழ்ந்தவர்களுள் இங்கிலாந்து அரசி அலெக்சாந்திராவும் ஒருவர். பின்னர் வெற்றிடக் குழல்கள் வந்தன, ஒலிபெருக்கம் கூடியது, ஆயினும் கனத்த மின்கலங்களைச் சுமக்க வேண்டியிருந்தது, விலையும் எட்டாத உயரத்தில் இருந்தது.

என் மதிப்பீட்டில், இவ்வரலாற்றின் திருப்புமுனை ஒரு பொறியாளரின் மேசையில் நிகழவில்லை. ஓர் அரசாங்கத்தின் முடிவில் நிகழ்ந்தது. 1948 ஜூலையில் பிரிட்டன் தன் தேசிய சுகாதாரப் பணியைத் தொடங்கியபோது, மருத்துவ ஆராய்ச்சிக் குழு வகுத்த "மெட்ரெஸ்கோ" என்னும் காதொலிக் கருவியை, தேவைப்படும் குடிமக்கள் அனைவருக்கும் விலையின்றி வழங்கியது. அழகிய கருவி என்று அதனை யாரும் சொல்லமாட்டார்கள். சட்டைக்குள் ஒரு பெட்டி, அதற்குத் தனியே மின்கலம், இடையே கம்பிகள். எனினும் சுரங்கத் தொழிலாளியின் மகளும் பிரபுவின் மகனும் ஒரே கருவியை அணிந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில், 1947இல், பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கிரகாம் பெல் கேளாதார்க்குச் செய்த பணியை நினைந்து, காதொலிக் கருவி செய்வோர் டிரான்சிஸ்டருக்கு உரிமைத் தொகை கொடுக்க வேண்டியதில்லை என்று அந்நிறுவனம் விட்டுக்கொடுத்தது. 1952ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து டிரான்சிஸ்டர் கருவிகள் கடைக்கு வரலாயின. வானொலிப் பெட்டிக்கு முன்பே காதொலிக் கருவிதான் டிரான்சிஸ்டரைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது என்பதைப் பலர் அறியார்.

நம் நாட்டில் 1880களில் பம்பாயிலும், 1893இல் கல்கத்தாவிலும், அந்நூற்றாண்டு முடியுமுன் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையாரின் முயற்சியால் பாளையங்கோட்டையிலும் கேளாதார் பள்ளிகள் தோன்றின. கருவியைப் பொறுத்தமட்டில் நாம் நெடுங்காலம் காத்திருந்தோம். 1965இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் அமைந்தது. 1981இல் தொடங்கிய நடுவண் அரசின் உதவித் திட்டத்தால் ஏழைக் குழந்தைகளுக்கும் கருவிகள் கிடைக்கலாயின. மார்பில் தொங்கும் ஒரு பெட்டியும், அதிலிருந்து இரு காதுகளுக்கும் பிரிந்து செல்லும் கம்பியுமாக அமைந்த கருவியை நம்முள் மூத்தோர் பார்த்திருப்பார்கள். பெட்டி வைப்பதற்கென்று சட்டையிலே தனிப் பை தைத்துக் கொடுத்த தாய்மாரும் உண்டு. இன்று அரசு முகாம்களில் காதின் பின்புறம் பொருந்தும் சிறிய கருவிகளே தரப்படுகின்றன.

தரப்பட்ட கருவி குழந்தையின் காதில் இருக்கிறதா என்பதுதான் நம் குடியிருப்புகளில் இப்போது கேட்க வேண்டிய கேள்வி. ஒரு வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். நான்கு வயதுக் குழந்தைக்கு முகாமில் கருவி கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கே என்று வினவியபோது அத்தாய் தகரப் பெட்டியைத் திறந்து, குடும்ப அட்டையோடும் சாதிச் சான்றிதழோடும் துணியில் சுற்றி வைத்திருந்த கருவியை எடுத்துக் காட்டினார். "பள்ளிக்கூடம் போனா போட்டுவிடலாம்னு பத்திரமா வச்சிருக்கேன் அண்ணே. உடைஞ்சா யாரு வாங்கித் தருவா?" என்றார். அறியாமை என்று இதனைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. விலையுயர்ந்த பொருள் ஒன்று நம் வீட்டுக்கு வந்தால் அதனைப் பயன்படுத்துவதினும் காப்பாற்றுவதே முதற் கடமையாகத் தோன்றும் வறுமையின் பழக்கம் அது. அத்தாய்க்குக் கருவியைக் கொடுத்தவர்கள் அதன் வேலையை எடுத்துச் சொல்லவில்லை; அவ்வளவே.

அதனை இங்கே சொல்ல முயல்கிறேன். காதின் உட்புறத்தில் நத்தை வடிவில் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 அதற்குள் இருக்கின்றன. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. காதொலிக் கருவி அவற்றைக் குணப்படுத்துவதில்லை. எஞ்சியிருக்கும் அணுக்களுக்கு எட்டும்படி ஒலியைப் பெருக்கித் தருகிறது. ஆகவே கருவி அணிந்த அன்றே குழந்தை பேசும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. புதிதாய்ப் பிறந்த குழந்தை ஓராண்டு காலம் கேட்டுக்கேட்டுத்தான் முதற் சொல்லைச் சொல்கிறது. கருவி அணிந்த நாளையே கேளாக் குழந்தையின் செவி பிறந்த நாளாக எண்ண வேண்டும். முதலில் அது அழும், பிடுங்கி எறியும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் அணிவித்து, ஓரிரு வாரங்களில் விழித்திருக்கும் நேரம் முழுதும் அணியும் நிலைக்குக் கொண்டுவருதல் வேண்டும். பள்ளியில் மட்டும் அணிந்தால் போதாது. சொற்கள் வீட்டில்தான் பிறக்கின்றன.

கருவி கீச்சென்று கத்தினால் பலர் ஒலியளவைக் குறைத்துவிடுகிறார்கள். காதுக்குள் பொருந்தும் அச்சு தளர்ந்துவிட்டதே அதற்குப் பெரும்பாலும் காரணம். குழந்தையின் காது வளர்கிறது, அச்சு வளர்வதில்லை. சிறு குழந்தைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய அச்சு எடுக்க வேண்டும். ஒலியைக் குறைத்தால் கீச்சொலி நின்றுவிடும். குழந்தைக்குப் பேச்சும் நின்றுவிடும். வியர்வையும் ஈரமும் கருவிக்குப் பகை. இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட மூடிய டப்பாவில் வைத்தல் நலம். பாட்டரியின் மேலொட்டிய தாளை உரித்த உடனே அது செலவாகத் தொடங்கிவிடும். மீண்டும் ஒட்டினாலும் நிற்காது. காற்றினால் இயங்கும் பாட்டரியின் இயல்பு அது.

தூரமும் இரைச்சலுமே கருவியின் வலிமையைக் கெடுப்பவை. மூன்றடி தூரத்தில் சாதாரணப் பேச்சின் அளவு ஏறத்தாழ 60 டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் அது 6 டெசிபல் குறைகிறது. கருவியோ தாயின் குரலையும், மின்விசிறியின் ஓசையையும், அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியையும் ஒருசேரப் பெருக்குகிறது. ஒற்றை அறை வீடுகளில் வாழும் நாம், குழந்தையின் அருகில் அமர்ந்து, முகம் தெரியப் பேசினாலே பாதித் தடை நீங்கும். வகுப்பறைக்கென்று வேறொரு துணைக் கருவி உண்டு. ஆசிரியர் சிறியதோர் ஒலிவாங்கியை மார்பில் அணிந்துகொள்கிறார். அவர் குரல் வானொலி அலையாக நேரே குழந்தையின் கருவிக்கு வந்து சேர்கிறது. கடைசி வரிசையில் இருக்கும் குழந்தைக்கும் ஆசிரியர் காதருகே நின்று பேசுவது போலிருக்கும். கடைசி வரிசை நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. இத்தகைய கருவி கேட்டுப் பெறத்தக்கது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

இவையெல்லாவற்றினும் முதன்மையானது காலம். "இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று பாட்டிமார் சொல்லும் ஆறுதலில் எத்தனையோ குழந்தைகளின் ஆண்டுகள் கரைந்து போயின. குழந்தையின் பின்னே நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம். குழந்தை திரும்பினால் காது கேட்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தரையின் அதிர்வையோ, சுவரில் அசைந்த நிழலையோ உணர்ந்து திரும்பியிருக்கலாம். தட்டின் பேரொலி மட்டும் கேட்டு, பேச்சின் மெல்லொலி கேளாமலும் இருக்கலாம். 1978இல் டேவிட் கெம்ப் என்னும் ஆங்கில அறிஞர், நலமான உட்செவி தானே ஒரு மெல்லிய ஒலியை எதிரொலித்து வெளியிடுகிறது என்று கண்டார். உறங்கும் பச்சிளங் குழந்தையின் காதையும் சில நிமிடங்களில் சோதிப்பதற்கு அதனால் வழி பிறந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு, ஆறு மாதத்திற்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள் பின்னர்க் கண்டறியப்பட்டவர்களை விட மொழியில் தெளிவாக முன்னேறியதைக் காட்டிற்று. அக்குழந்தைகள் செல்வர் வீட்டினரா வறியவரா என்பதோ, பேச்சு வழியிற் கற்றார்களா சைகை வழியிற் கற்றார்களா என்பதோ அம்முடிவை மாற்றவில்லை. ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் உதவி என்பதே இன்று மருத்துவ உலகம் கொண்டுள்ள கணக்கு. நம் நாட்டிலும் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை சேர்க்கப்பட்டுள்ளது. மாவட்டங்களில் தொடக்க நிலை இடையீட்டு மையங்கள் நிறுவப்பட்டன.

குறை எதனால் வந்தது என்ற விசாரணையில் பெரும்பாலும் தாயே குற்றவாளியாக்கப்படுகிறாள். தாய் கருவுற்றிருக்கையில் வரும் ரூபெல்லா அம்மை, பிறந்த குழந்தைக்கு வரும் கடும் மஞ்சட்காமாலை, மூளைக் காய்ச்சல், பரம்பரைக் கூறு எனக் காரணங்கள் பல. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் வழக்கம், பரம்பரைச் செவிட்டுத்தன்மை வெளிப்படும் வாய்ப்பைக் கூட்டுகிறது. அவ்வாறு வருவதில் தாய்க்கும் தந்தைக்கும் சம பங்குண்டு.

மயிரணுக்கள் அறவே இல்லாத செவிக்கு ஒலியை எவ்வளவு பெருக்கினாலும் பயனில்லை. அத்தகையோருக்காக வந்ததுதான் காக்ளியர் இம்பிளான்ட் என்னும் உள்செவிப் பதிவுக் கருவி. ஆஸ்திரேலியாவில் செவி மந்தமான மருந்துக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த கிரேம் கிளார்க், நத்தைச் சுருளுக்குள் மின்கம்பியை எவ்வாறு வளைத்துச் செலுத்துவது என்று பல காலம் தவித்தார். 1977இல் கடற்கரையில் ஒரு சிப்பிச் சுருளுக்குள் புல்லிதழை நுழைத்துப் பார்த்தபோது, நுனி மெலிந்தும் அடி விறைத்தும் இருந்தமையால் அது எளிதில் உள்ளே சென்றது. அவ்வமைப்பையே கம்பிக்கும் கொண்டார். 1978இல் மெல்போர்னில், விபத்தில் செவியிழந்த ஒருவர்க்கு அதனைப் பொருத்தினார். 1990இல் இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன குழந்தைகளுக்கு அமெரிக்க அரசு இசைவளித்தது. பல இலட்ச ரூபாய் மதிப்புள்ள இச்சிகிச்சை, தமிழ்நாட்டில் 2012இல் நடைமுறைக்கு வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், ஆறு வயதிற்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு கட்டணமின்றிச் செய்யப்படுவதாயிற்று. சிங்க வாய் அரியணையிலிருந்து இவ்விடம் வரக் கருவிக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அறுவை செய்தால் போதும் என்று எண்ணிவிடலாகாது. உட்பொருத்திய பகுதி தோலுக்கடியில் இருக்கும். ஒலியை வாங்கும் பகுதி காந்தத்தால் ஒட்டி வெளியே இருக்கும். அதனை அணியாவிட்டால் குழந்தை முன்போலவே கேளாக் குழந்தைதான். கேட்கவும் பேசவும் ஓராண்டு, ஈராண்டு தொடர்ந்து பயிற்சி வேண்டும். 1969இல் சென்னையில் தோன்றிய பால வித்யாலயா பள்ளி, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, தாயையும் உடன் வைத்துக் கற்பிக்கும் வழியை நம் மாநிலத்திற்குக் காட்டியது. தாயிடம் கற்பிக்காமல் குழந்தைக்கு மட்டும் கற்பிப்பதில் பயன் குறைவு. எல்லாக் குழந்தைக்கும் இச்சிகிச்சை பொருந்தும் என்பதும் இல்லை. காலம் கடந்து வந்த குழந்தைக்கு அதன் பயன் சுருங்கும். அத்தகைய குழந்தைக்குச் சைகை மொழியும் அதன் வழிக் கல்வியும் உண்டு. மொழியே இல்லாமல் ஒரு குழந்தையை வளரவிடுவதுதான் தவறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அளவிட்ட குறையுடைய குழந்தைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது.

கருவிக்கு அரசாங்கம் பணம் தருகிறது, பயிற்சிக்கும் தருகிறது. ஆனால் வாரத்தில் இருமுறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போகும் தாய் அன்றைய கூலியை இழக்கிறாள். பேருந்திலும் வழியிலும் செலவாகிறது. மூன்றாம் மாதத்தில் வருகை குறைகிறது, ஆறாம் மாதத்தில் நின்றுவிடுகிறது. நான் அறிந்தமட்டில், பயிற்சியை விட்டுவிட்ட குடும்பங்கள் பெரும்பாலும் மனமில்லாமல் விட்டவை அல்ல, கூலியில்லாமல் விட்டவை. நம் சங்கம் கடந்த 25 ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் விடுதிச் செலவும் அளித்து வருகிறது. பள்ளிக்கு வருமுன்னரே பின்தங்கிவிடும் இக்குழந்தைகளின் தாய்மாருக்கு, பயிற்சி நாட்களின் கூலிக்கும் வழிச்செலவுக்குமாக வெள்ளி விழா நிதியிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும் என்றும், சான்றிதழ் பெறவும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு உடன் செல்லவும் ஊருக்கு இரண்டு இளைஞர்களை அமர்த்த வேண்டும் என்றும் செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தகரப் பெட்டியில் கருவியை வைத்திருந்த அத்தாயின் பெயரை, அவருடைய இசைவோடு, அவ்விண்ணப்பத்தின் முதல் வரிசையில் சேர்த்துள்ளேன்.